இசை ஒரு பாலம் என்றால், அதற்கும் தூண்கள் வேண்டும்

பாலம் என்றால் என்ன என்பதை ஏரல் மக்கள் 2023 டிசம்பரில் புதிதாகக் கற்றுக்கொண்டார்கள். அருகிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. ஏரல் பாலம் சேதமுற்றது. போக்குவரத்து அறுந்து ஊர் தனித்துவிடப்பட்டது. ஆற்றைக் கடப்பது எப்படி என்பதைத் தவிர வேறு கேள்வி அந்நாள்களில் எவருக்கும் இருக்கவில்லை. பாலம் இருக்கும்வரை அதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. அது போனபின்புதான், அதற்கு அடித்தளம் உண்டு, பொறியாளர் உண்டு, ஆண்டுதோறும் பராமரிப்புச் செலவு உண்டு என்பதெல்லாம் நினைவுக்கு வருகின்றன.

‘இசை நாடுகளை இணைக்கும் பாலம்’ என்னும் சொற்றொடரை மேடைகளில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த டிசம்பர் நினைவுக்கு வருகிறது. கூற்றில் பிழையில்லை. ஆனால், அதைச் சொல்பவர்கள் பாலத்தைப் பாராட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள். அதை யார் கட்டுகிறார்கள், யார் பராமரிக்கிறார்கள், வெள்ளம் வந்தால் அது நிற்குமா என்னும் கேள்விகள் எழுவதில்லை. நம் வட்டாரத்திலேயே அப்படி ஒரு பாலம் சில ஆண்டுகளாகக் கட்டப்பட்டுவருகிறது. அதன் பெயர் தெற்காசிய சிம்பொனி இசைக்குழு.

ஓர் இளம் முயற்சி

இந்தியாவின் முன்னாள் வெளியுறவுச் செயலர் நிருபமா ராவும், கர்நாடகத்தின் முன்னாள் தலைமைச் செயலர் சுதாகர் ராவும் சேர்ந்து 2018-இல் தெற்காசிய சிம்பொனி அறக்கட்டளையைப் பெங்களூரில் நிறுவினார்கள். வாழ்நாளின் பெரும்பகுதியை அரசாணைகளுக்கும் பேச்சுவார்த்தைகளுக்கும் நடுவே கழித்தவர்கள், பணி ஓய்வுக்குப் பின் இசையை நாடியது கவனத்திற்குரியது. நிருபமா ராவ் கொழும்பில் இந்தியத் தூதராகவும் பணியாற்றியவர். எல்லைகளின் இறுக்கத்தை அருகிலிருந்து பார்த்தவர் அவர்.

இசைக்குழுவின் முதல் நிகழ்ச்சி 2019 ஏப்ரல் இறுதி வாரத்தில் மும்பையில் நடைபெற்றது. ஆப்கானிஸ்தான், நேபாளம், இலங்கை, இந்தியா ஆகிய நாடுகளின் இசைஞர்களும், தெற்காசிய வேர்களோடு வெளிநாடுகளில் வாழும் இசைஞர்களும் ஒரே மேடையில் அமர்ந்தார்கள். அவர்களில் பலர் இளைஞர்கள். அமெரிக்காவில் வளர்ந்த இந்திய வம்சாவளியினரான விசுவ சுப்பராமன் குழுவை நடத்தினார். ஐரோப்பியச் செவ்வியல் படைப்புகளோடு, தெற்காசிய நாடுகளின் மெட்டுகளைத் தொடுத்து அமைத்த ‘ஹம்சஃபர்’ என்னும் படைப்பும் இக்குழுவுக்காக உருவாக்கப்பட்டது. வழித்துணை என்பது அச்சொல்லின் பொருள்.

அந்த வாரத்தை நம் கடற்கரை எளிதில் மறக்க முடியாது. ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பிலும், கொழும்பின் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நீர்கொழும்பின் பரதர் குடும்பங்கள் பலவற்றின் வேர் தூத்துக்குடிக் கடற்கரையில் இருக்கிறது. அதே ஆண்டு பிப்ரவரியில் புல்வாமா தாக்குதலும் அதைத் தொடர்ந்த வான்தாக்குதலும் இந்தியாவையும் பாகிஸ்தானையும் போரின் விளிம்பில் நிறுத்தியிருந்தன. தெற்காசியா என்னும் சொல்லே நம்பிக்கை இழந்திருந்த ஒரு பருவத்தில்தான் அப்பெயரைத் தாங்கிய இசைக்குழு முதன்முதலாக மேடையேறியது.

சேர்ந்திசையின் அறம்

நம் பகுதியில் ‘ஆர்கெஸ்ட்ரா’ என்றால் கோயில் கொடையன்று இரவில் திரைப்பாடல்கள் பாடும் மெல்லிசைக் குழு என்றே பொருள். நாம் இங்குப் பேசுவது வேறொன்று. வயலின், வயோலா, செல்லோ முதலான நரம்புக் கருவிகளோடு புல்லாங்குழல், ஓபோ, எக்காளம் போன்ற காற்றுக் கருவிகளும் தாளக் கருவிகளும் சேர்ந்து, எழுதப்பட்ட இசையை வாசிக்கும் குழு இது. எண்பது, நூறு பேர் இருந்தால் அது சிம்பொனி இசைக்குழு. பெரும்பாலும் நாற்பது பேருக்குள் அடங்கினால் அது சேம்பர் இசைக்குழு. அதாவது, ஓர் அறைக்குள் வாசிக்கத்தக்க சிறுகுழு.

எண்ணிக்கை குறையும்போது குழுவின் அறமும் மாறுகிறது. நூறு பேர் கொண்ட குழுவில் கடைசி வரிசை வயலின் கலைஞர் ஒருவர் சற்றுத் தடுமாறினாலும் கேட்பவர் காதில் விழாமல் போகலாம். சிறுகுழுவில் ஒவ்வொருவரின் குரலும் தனியே கேட்கும், ஒளிந்துகொள்ள இடமில்லை. நியூயார்க்கில் 1972-இல் தோன்றிய ஆர்ஃபியஸ் சேம்பர் இசைக்குழு, நடத்துநர் எவருமின்றியே வாசிப்பதைக் கொள்கையாகக் கொண்டது. ஒவ்வொரு படைப்புக்கும் குழுவினருள் வெவ்வேறு சிலர் பொறுப்பேற்கிறார்கள். இன்று வழிநடத்துபவர் நாளை பின்தொடர்வார். ஐரோப்பாவில் 1997-இல் தொடங்கப்பட்ட மாலர் சேம்பர் இசைக்குழுவும் பல நாட்டு இசைஞர்கள் தாங்களே நிர்வகித்துக்கொள்ளும் அமைப்புதான்.

இந்த அறம் நமக்குப் புதிதன்று. கர்நாடக இசைக் கச்சேரியில் வயலின் கலைஞர் பாடகரின் மூச்சைக் கவனித்தே வில்லை இழுக்கிறார். மிருதங்கக் கலைஞர் எப்போது நிறைக்க வேண்டும், எப்போது மௌனமாக இருக்க வேண்டும் என்பதை அறிந்தவராக இருந்தால்தான் கச்சேரி களைகட்டும். ‘பக்கவாத்தியம்’ என்னும் பெயர் அடக்கமாக ஒலித்தாலும், பக்கவாத்தியம் சரியில்லாத கச்சேரியை எப்பேர்ப்பட்ட வித்துவானாலும் காப்பாற்ற முடியாது. நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் இடையே நடக்கும் உரையாடலும் அத்தகையதே. இந்த மண்ணில் காருக்குறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தைக் கேட்டவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

ஆக, இத்தகைய குழுவின் இலட்சியம் ‘எல்லோரும் ஒரே குரலில் பாடுவது’ அன்று. ஒரே குரல் என்பது அணிவகுப்புக்குரியது. ஒவ்வொருவரும் தம் வரியை விட்டுக்கொடாமல் வாசிப்பதும், அதே நேரத்தில் அடுத்தவர் வரியைக் காதுகொடுத்துக் கேட்பதும்தான் சேர்ந்திசை. வேறுபாடுகள் அழிவதில்லை, அவற்றுக்கு ஓர் ஒழுங்கு அமைகிறது. அரசியலில் நாம் தேடிக்கொண்டிருப்பதும் இதைத்தானே?

வயலின் யாருடையது?

இங்கு ஒரு மறுப்பு எழுவது இயல்பு. தெற்காசிய நாடுகள் ஒன்றுகூட ஐரோப்பியரின் இசைவடிவம் எதற்கு? நமக்கென்று கருவிகள் இல்லையா? நியாயமான கேள்வி. ஆனால், இதற்கான விடை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்கு ஏற்ற கருவியாக்கியவர்களுள் முதல்வராக மதிக்கப்படுபவர் பாலுசுவாமி தீட்சிதர். அவர் பின்னர் எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக அமர்ந்தார். அவருடைய தமையனார் முத்துசுவாமி தீட்சிதர், கும்பினிப் படையின் வாத்தியக் குழுக்கள் வாசித்த மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். ‘நோட்டுஸ்வரம்’ என்று இன்றும் இசை பயிலும் குழந்தைகள் பாடுபவை அவைதாம். அவர் 1835-இல் மறைந்ததும் எட்டயபுரத்தில்தான். அதே ஊரிலிருந்துதான் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-இல் வெளிவந்தது. வந்த கருவியை விரட்டாமலும் அதற்கு அடிமையாகாமலும் தம்முடையதாக்கிக்கொண்ட மரபு அது. இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியை நினைத்துப்பார்க்க முடியுமா?

இன்னொரு வழியும் உண்டு. நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் போன்ற ஊர்களின் தேவாலயப் பாடகர் குழுக்கள் தலைமுறைகளாக நான்கு குரல்களில் பாடிவருகின்றன. உழவரும் ஆசிரியரும் கடைக்காரரும் நிற்கும் அவ்வரிசைகளில், அடுத்தவர் வேறொரு வரியைப் பாடும்போது தம் வரியைத் தவறாமல் பிடித்துநிற்கும் பயிற்சி வாரந்தோறும் நடக்கிறது. எனவே, சேர்ந்திசை மேல்தட்டு மாநகரத்தாரின் பொழுதுபோக்கு மட்டுமே என்று தள்ளிவிட முடியாது. அது சென்று சேரவேண்டிய இடங்கள் நாம் நினைப்பதைவிட அணியமாக இருக்கின்றன.

பிறர் நம்மைப் பற்றிப் பாடுவதிலும் நாமே பாடுவதிலும் வேறுபாடு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சு இசையமைப்பாளர் பிசே, 1863-இல் தம் 24-ஆம் வயதில் ‘முத்துக்குளிப்போர்’ என்னும் இசைநாடகத்தை அரங்கேற்றினார். கதை நடக்கும் இடம் பழங்கால இலங்கைக் கடற்கரை. அவர் அக்கடற்கரையைப் பார்த்ததில்லை. அங்கே முத்துக்குளிக்கச் சென்றவர்களில் நம் கரையின் மக்களும் உண்டு. உலக அரங்குகளில் பாடப்படும் அந்நாடகத்தில் அவர்களுடைய குரல் இல்லை. அந்தக் குரலை நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும். அதற்கு வாசிக்கத் தெரிந்தவர்களும் எழுதத் தெரிந்தவர்களும் நம்மிடையே வளர வேண்டும்.

இசையால் போர் நிற்குமா?

நிற்காது. இதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. இத்தகைய குழுக்களுக்கெல்லாம் முன்னோடி, பியானோ கலைஞரும் நடத்துநருமான டேனியல் பாரன்பாயிமும் பாலத்தீன அறிஞர் எட்வர்ட் செய்தும் 1999-இல் ஜெர்மனியின் வைமார் நகரில் தொடங்கிய மேற்கு-கிழக்கு திவான் இசைக்குழு. இஸ்ரேலிய இளைஞரும் அரபு இளைஞரும் அதில் அருகருகே அமர்ந்து வாசிக்கிறார்கள். 2005-இல் பாலத்தீனத்தின் ரமல்லாவிலேயே வாசித்தார்கள். அதற்குப் பிறகு காசாவில் நிகழ்ந்தவற்றை உலகமே பார்த்தது. இசைக்குழு எந்தக் குண்டையும் தடுக்கவில்லை. அடக்குமுறையின் மீது இனிமையைப் பூசும் முயற்சி இது என்று கண்டித்தவர்களும் உண்டு. தம் குழு சமாதானத்தைக் கொண்டுவரும் என்று பாரன்பாயிமும் சொல்லிக்கொண்டதில்லை. அறியாமைக்கு எதிரான முயற்சி என்றுதான் அவர் அதைக் கருதினார்.

நம் வட்டாரத்தில் இதைவிடக் கடுமையான சான்று உண்டு. காபூலில் 2010-இல் தொடங்கப்பட்ட ஆப்கானிஸ்தான் தேசிய இசைக் கழகம், தெருவோரக் குழந்தைகளுக்கும் சிறுமிகளுக்கும் கருவிகளைக் கையில் கொடுத்தது. பெண்கள் மட்டுமே வாசிக்கும் ‘சோஹ்ரா’ இசைக்குழு அங்கு உருவானது. 2021 ஆகஸ்டில் தாலிபான்கள் தலைநகரைக் கைப்பற்றியதும் அக்கழகம் மூடப்பட்டது. மாணவர்களும் ஆசிரியர்களும் குடும்பத்தினருமாக ஏறத்தாழ 270 பேர் நாட்டைவிட்டு வெளியேறி, ஆண்டு இறுதிக்குள் போர்ச்சுகல் சென்றடைந்தார்கள். அவர்களை ஏற்றது ஐரோப்பாவின் மறுகோடியில் இருக்கும் ஒரு நாடு என்பதைத் தெற்காசியர்களாகிய நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

அப்படியானால் இம்முயற்சிகளால் என்ன பயன்? அரசியல் அறிஞர் ராபர்ட் பட்னம், இத்தாலியின் மாநில அரசுகளை இருபது ஆண்டுகள் ஆராய்ந்து 1993-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரே சட்டத்தின்கீழ் தோன்றிய மாநில அரசுகளுள் சில நன்றாகவும் சில மோசமாகவும் இயங்கியது ஏன் என்பதே அவருடைய கேள்வி. கட்சியும் செல்வமும் மட்டும் அதற்குக் காரணமல்ல என்று கண்டார். பாடகர் குழுக்கள், கால்பந்துக் கழகங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் போன்றவை அடர்ந்திருந்த பகுதிகளில் ஆட்சி மேம்பட்டிருந்தது. மக்கள் வாரந்தோறும் கூடிப் பழகும் இடங்களில் நம்பிக்கை ஒரு மூலதனமாகச் சேர்கிறது என்பது அவர் முடிவு. அம்முடிவை மறுத்தவர்களும் இருக்கிறார்கள். ஆயினும், ஒன்றைப் பொருளியலும் ஏற்கிறது: ஒருமுறை மட்டும் சந்திப்பவர்கள் ஏமாற்றத் துணியலாம், மறுபடி மறுபடி சந்திக்க வேண்டியவர்கள் ஒத்துழைக்கப் பழகுவார்கள்.

இங்குதான் தெற்காசிய முயற்சியின் பலவீனமும் இருக்கிறது. ஒரு நிகழ்ச்சிக்காகச் சில நாள்கள் கூடி ஒத்திகை பார்த்துக் கலைந்துவிட்டால், நம்பிக்கை என்னும் மூலதனம் சேருமுன்பே கணக்கு முடிந்துவிடும். அது குழுவினரின் குறையன்று. மீண்டும் மீண்டும் கூடுவதற்கு வேண்டிய விசா, பயணம், பயிற்சி, பணம் ஆகிய நான்கையும் தரவேண்டியவர்கள் வேறு இடங்களில் இருக்கிறார்கள்.

சார்க் அமைப்பு 1985 டிசம்பரில் டாக்காவில் பிறந்தது. அதன் கடைசி உச்சி மாநாடு 2014-இல் காத்மாண்டுவில் நடந்தது. 2016-இல் இஸ்லாமாபாதில் நடக்கவிருந்தது கைவிடப்பட்டது. தெற்காசிய நாடுகளின் மொத்த வணிகத்தில் அவை தமக்குள் நடத்திக்கொள்வது 5 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. தென்கிழக்காசிய நாடுகளிடையே அது நான்கில் ஒரு பங்குக்கு அருகில். பொருளும் மனிதரும் கடக்க முடியாத எல்லையை இசை மட்டும் கடந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது, இசைக்கு நாம் செய்யும் மரியாதையா, நம் பொறுப்பிலிருந்து நழுவும் வழியா?

செலவு யாருடையது?

இசைக்குழுவின் பொருளாதாரத்தை விளங்கிக்கொள்ள ஒரு புகழ்பெற்ற ஆய்வு உதவும். வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்னும் இரு பொருளியலாளர்கள் 1966-இல் அரங்கக் கலைகளைப் பற்றி எழுதிய நூலில் ஓர் எளிய உண்மையை எடுத்துக்காட்டினார்கள். ஆலையில் இயந்திரங்கள் பெருகப் பெருக ஒரு தொழிலாளி ஒரு மணிநேரத்தில் செய்யும் பொருள் கூடுகிறது. அவருடைய ஊதியமும் கூடுகிறது. ஆனால், நான்கு பேர் வாசிக்க எழுதப்பட்ட ஓர் இசைப்படைப்புக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பும் நான்கு பேர்தான் தேவை. இன்றும் நான்கு பேர்தான். விரைந்து வாசித்து உற்பத்தித் திறனைக் கூட்ட முடியாது. இருந்தும், மற்றத் துறைகளின் ஊதியம் உயரும்போது இசைஞரும் வாழ வேண்டுமே. எனவே, அரங்கக் கலையின் செலவு பிற பொருள்களின் விலையைவிட வேகமாக ஏறிக்கொண்டே போகும். இதையே ‘பாமலின் செலவு நோய்’ என்கிறோம். மருத்துவத்துக்கும் கல்விக்கும் இது பொருந்தும்.

நுழைவுச்சீட்டு வருவாயை மட்டும் நம்பி ஒரு நல்ல இசைக்குழு நெடுங்காலம் வாழ முடியாது என்பது இதன் பொருள். ஐரோப்பாவில் அரசும் நகராட்சிகளும் கொடுக்கின்றன; அமெரிக்காவில் செல்வர்களின் அறக்கொடைகளும் அவற்றுக்கான வரிச்சலுகைகளும் தாங்குகின்றன. இந்தியாவில் என்ன இருக்கிறது? மும்பையில் 2006-இல் இந்திய சிம்பொனி இசைக்குழு தோன்றியபோது, அதன் இசை இயக்குநராகக் கசக்ஸ்தானைச் சேர்ந்த மராட் பிசெங்கலியெவ் அமர்ந்தார். இசைஞர்களிலும் பலர் அந்நாட்டிலிருந்தே வரவேண்டியிருந்தது. இளையராஜா தம் சிம்பொனியை 2025 மார்ச் 8 அன்று இலண்டனில், ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைஞர்களைக் கொண்டு அரங்கேற்றினார். தமிழகமே பெருமிதம் கொண்டது. அப்பெருமிதத்தினூடே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: அதைச் சென்னையிலோ மதுரையிலோ நம் பிள்ளைகளே வாசிக்கும் நாள் எப்போது? ஏ.ஆர். ரகுமானின் கே.எம். இசைக் கல்லூரி, எளிய குடும்பங்களின் குழந்தைகளுக்குக் கட்டணமின்றிப் பயிற்சியளித்து ‘சன்ஷைன்’ இசைக்குழுவை உருவாக்கியிருக்கிறது. ஒரு தனிமனிதரின் நல்லெண்ணம் செய்ததைப் பொதுநிதியும் செய்யத் தொடங்கினால் எத்தனை ஊர்களில் அது நிகழும்!

வெனிசுவேலாவில் 1975-இல் ஏழைக் குழந்தைகளுக்கான இசைப்பயிற்சி இயக்கத்தைத் தொடங்கிய ஹோசே அந்தோனியோ அப்ரெயு ஒரு பொருளியலாளர். அரசுகள் மாறிமாறி வந்தபோதும் அவர் பொதுநிதியைப் பெற்று இயக்கத்தை நாடெங்கும் பரப்பினார். உலகப் புகழ்பெற்ற நடத்துநர் குஸ்தாவோ தூதமேல் அங்கு வளர்ந்தவர். அதே இயக்கம், அரசின் பெருமையைப் பறைசாற்றும் அலங்காரமாகவும் மாறியது என்னும் குற்றச்சாட்டும் உண்டு. இரண்டு பாடங்களையும் நாம் சேர்த்தே கற்க வேண்டும். பொதுநிதி இன்றி இக்கலை வாழாது. தன்னாட்சி இன்றி அது கலையாக இருக்காது.

நம் கடலில் ஓர் இரவுப் பயணம்

தூத்துக்குடியிலிருந்து கொழும்பு ஓர் இரவுக் கப்பல் பயணம்தான். இந்த வழித்தடத்துக்காகத்தான் 1906-இல் வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். அவரை வீழ்த்த ஆங்கிலேய நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. கடலைக் கடப்பது யார், எந்த விலைக்கு என்பது எப்போதும் அரசியலாகவே இருந்திருக்கிறது. விடுதலை பெற்ற இந்தியாவில் 2011 ஜூனில் தூத்துக்குடி - கொழும்புப் பயணிகள் கப்பல் மீண்டும் விடப்பட்டது. சில மாதங்களிலேயே நின்றுபோனது. நாகப்பட்டினம் - காங்கேசன்துறைப் படகு 2023 அக்டோபரில் தொடங்கி, விரைவில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி புறப்பட்டது.

இன்று நம் கரையிலிருந்து அக்கரைக்கு அடிக்கடி ‘போய்வருபவர்கள்’ சிறைப்பட்ட மீனவர்களே. தருவைகுளம் முதல் இராமேசுவரம் வரை குடும்பங்கள் அவர்களின் விடுதலைக்காகக் காத்திருப்பது வழக்கமாகிவிட்டது. நாம் அதிகம் கேட்காத மறுகுரலும் உண்டு. போரிலிருந்து மீண்ட வட இலங்கைத் தமிழ் மீனவர்கள், நம் இழுவைமடிப் படகுகள் தங்கள் வலைகளை அறுத்து, கடலடியைச் சுரண்டிச் செல்வதாகப் பல ஆண்டுகளாக முறையிடுகிறார்கள். இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. இருபக்கமும் தமிழ் பேசுபவர்கள். இருந்தும், ஒருவர் வரியை மற்றவர் கேட்கும் ஏற்பாடு இல்லை. தம் வரியையும் விடாமல் அடுத்தவர் வரியையும் கேட்பது என்று மேலே சொன்னேனே, அந்தப் பயிற்சியின் தேவை மேடையில் மட்டும் இல்லை.

எனவே, தொலைவில் நடக்கும் ஒரு முயற்சியைக் கைதட்டி வாழ்த்துவதோடு நில்லாமல், நம் பங்குக்கு மூன்று செயல்களைத் தொடங்கலாம்.

முதலாவது, பயிற்சி. தமிழக அரசின் மாவட்ட இசைப்பள்ளிகள் வாய்ப்பாட்டு, நாகஸ்வரம், தவில், வயலின், மிருதங்கம் ஆகியவற்றை மிகக் குறைந்த கட்டணத்தில் கற்பிக்கின்றன. அவற்றோடு, பலர் சேர்ந்து எழுத்திசை வாசிக்கும் பயிற்சியையும் சேர்க்கலாம். கட்டடம் இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார். வயோலாவும் செல்லோவும் கற்பிக்க வல்லவர்களும், வாரம் ஒருமுறை கூடி வாசிக்கும் பாடவேளையும்தான் தேவை.

இரண்டாவது, கூட்டமைப்பு. கொழும்பில் இலங்கை சிம்பொனி இசைக்குழு 1958 முதல் இயங்கிவருகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இராமநாதன் பெயரில் நுண்கலைக் கல்விக்கான அமைப்பு இருக்கிறது. தமிழகத்தில் இசைக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. இம்மூன்றும் சேர்ந்து இருபது, முப்பது இளைஞர்களைக் கொண்ட ஒரு சேம்பர் குழுவை அமைக்கலாம். தமிழரும் சிங்களரும் முஸ்லிம்களும் அதில் இருக்க வேண்டும். ஓராண்டு தூத்துக்குடி, மறு ஆண்டு யாழ்ப்பாணம், அடுத்து கொழும்பு என்று இரண்டு வார முகாம் ஆண்டு தவறாமல் நடக்க வேண்டும். ஆண்டு தவறாமல் என்பதே இதில் முக்கியம். சிறுகுழு என்பதால் செலவும் தாங்கக்கூடியது. ஒவ்வொருவரின் குரலும் கேட்கும்.

மூன்றாவது, வழி. சார்க் நாடுகள் 1992-இல் ஏற்படுத்திய விசா விலக்குத் திட்டம் நீதிபதிகளுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் வணிகர்களுக்கும் பயன்படுகிறது. அதே தாராளம், கையில் வயலின் பெட்டியோடு நிற்கும் இருபது வயது மாணவிக்கும் கிடைக்க வேண்டும். கப்பல் போக்குவரத்து இலாபம் தருமா என்று மட்டும் கணக்கிட்டால் அது மீண்டும் நின்றுபோகும். ஊருக்குள் ஓடும் நகரப் பேருந்துக்கு அரசு மானியம் தருகிறது. தூத்துக்குடி - கொழும்புக் கப்பலுக்கு ஏன் தரக் கூடாது?

பசித்தவனுக்கு இசை எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பசியும் இசையும் ஒரே நிதிநிலை அறிக்கையில் மோதிக்கொள்ளும் அளவுக்கு இச்செலவு பெரிதன்று. மேலும், நம்பிக்கை இல்லாத அண்டை நாடுகள் ஒவ்வொரு ஆண்டும் படைக்கலன்களுக்குச் செலவிடும் தொகையோடு இதை ஒப்பிட்டால், ஒத்திகைக் கூடத்துக்கு வாடகை கொடுப்பது மலிவான முதலீடு என்பதை உணர்த்தப் பொருளியல் பேராசிரியர் எவரும் தேவையில்லை.

ஏரல் பாலத்தை வெள்ளம் சேதப்படுத்தியபோது, பாலங்களால் பயனில்லை என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லவில்லை. எப்போது சரியாகும் என்றுதான் கேட்டார்கள். காபூலின் இசைக் கழகம் மூடப்பட்டதையும், மேற்காசியாவில் போர் ஓயாததையும் காட்டி, இசையால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கும் அதுவே மறுமொழி. வெள்ளம் வரும் என்பது தெரிந்துதான் பாலம் கட்டுகிறோம். தெற்காசிய இசைக்குழுவின் இளைஞர்கள் தங்கள் பங்கை வாசித்துவிட்டார்கள். தூண்களுக்கான செலவை ஏற்பது நம் வரி.